மூன்றாவது இறக்கை

எங்கள் கட்டடத்தின் வரலாற்றைப் பிற்காலத்தில் எழுதப்போகும் பேரறிஞர்களின் வசதிக்காக, உலகமே திரும்பிப் பார்க்க வேண்டிய செய்தி ஒன்றை முறைப்படி முதலிலேயே அறிவித்துவிடுகிறேன். எங்கள் நாற்பத்திரண்டு வீடுகளிலும் ஒரே நாளில், ஒரே நேரத்தில், ஒருமனதாக மூட்டைப்பூச்சி மருந்து அடிக்கப்பட்டது.

இந்தச் சாதனையின் நாயகர் எங்கள் சங்கச் செயலாளர். இரண்டு மணி நேரத்தில் நெடி போய்விடும் என்று சுற்றறிக்கை விட்டிருந்தார். இரவு பதினொன்றே முக்காலாகியும் போகவில்லை. பாயும் தலையணையுமாக எல்லோரும் மொட்டை மாடியில் கிடந்தோம். மூட்டைப்பூச்சிகளும் எங்களோடு படியேறி வந்துவிட்டன என்ற உண்மை பத்தரை மணிக்கே தெரிந்துவிட்டது. மூன்றாம் மாடி அக்கா தலையணை உறைக்குள்ளிருந்து ஒன்றை எடுத்து நசுக்கி, அந்த விரலைச் செயலாளரின் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"மோந்து பாருங்க சார். மருந்து நாத்தமா, பூச்சி நாத்தமா?"

செயலாளர் இரண்டடி பின்வாங்கி, "இது இறுதிக்கட்டப் பூச்சிம்மா" என்றார்.

தூக்கம் எவருக்கும் வரவில்லை. எதிர்வீட்டுக்காரர்தான் ஆரம்பித்துவைத்தார். "நீங்கதான் நல்லா அளப்பீங்களே. பேய்க்கதை ஒண்ணு எடுத்து விடுங்க. சொறியறதாவது மறக்கும்."

என் கதைகளுக்கு இப்படியொரு மருத்துவப் பயன் உண்டென்று அதுவரை எனக்குத் தெரியாது. சொன்னேன்.

மணி மூன்று. ஆளில்லாத சாலை...

"ராத்திரி மூணா?"

பகல் மூன்று.

"பகல்ல எப்படி சார் பேய் வரும்?" என்றார் செயலாளர்.

"அதுக்கு உங்கள மாதிரி ஆபீஸ் டைம் கிடையாது சார். கேளுங்க."

என் சகலைக்கு ஒரு தம்பி. வயரிங் வேலை செய்கிறவன். ஊரில் அவனுக்கு டெஸ்டர் என்றுதான் பெயர். சட்டைப்பையில் பேனா வைக்கும் இடத்தில் டெஸ்டர் வைத்திருப்பான். முனையைக் கம்பியில் வைத்தால் கரண்ட் இருக்கிறதா இல்லையா என்று எரிந்து காட்டுமே, அந்தச் சின்னத் திருப்புளி. அன்றைக்கு வெயிலில் தார் உருகி, அவன் சைக்கிள் டயர் சர்ர்... சர்ர்... என்று ஒட்டி ஒட்டி வந்தது. இரண்டு பக்கமும் மதில். குரைக்க ஒரு நாய்கூட இல்லை. சாலை முடிகிற இடத்தில் ஒரு மாடிவீடு. அதுதான் ஹெல்மெட் சார் வீடு.

ஹெல்மெட் சார் ஒரு பெரிய தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு அவருக்குத்தான், மற்றவர்களுக்கு இல்லை. கொடியில் துணி காயப்போடும்போதும் ஹெல்மெட் போட்டுக்கொள்வார். விருந்தாளி வந்தால் தண்ணீர் கொடுப்பதற்கு முன்னால் தீப்பிடித்தால் எந்த வழியாக ஓட வேண்டும் என்று காட்டுவார். அவர் வாழ்நாளில் ஒரு தத்துவம் கண்டுபிடித்திருந்தார்: சுவிட்ச் கூடினால் தவறு கூடும். ஆகவே அறைக்கு ஒரே சுவிட்ச். விளக்கும் மின்விசிறியும் அதிலேயே. வெளிச்சம் வேண்டுமென்றால் காற்றும் வாங்கியாக வேண்டும்.

ஆறு வருடத்துக்கு முன்னால் அந்த வீட்டுக்கு வயரிங் செய்தவன் டெஸ்டர்தான். அப்போது சாருடைய மனைவி சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று மெல்லக் கேட்டிருக்கிறார்.

"தம்பி, மாடி ரூம்ல மட்டும் லைட்டுக்கும் ஃபேனுக்கும் வேற வேற சுவிட்ச் வெச்சுக் குடுத்துடேன்ப்பா. படிக்க உக்காந்தா பக்கம் நிக்கமாட்டேங்குது. முட்டியால அமுக்கிக்கிட்டுப் படிக்கறேன்."

"சார் வேணாம்னு சொல்லிட்டாரேம்மா."

"அவர் சொல்வாரு..." என்று சொல்லிவிட்டு அந்த அம்மா உள்ளே போய்விட்டார். முட்டியால் அமுக்கியே ஐந்தரை வருடம் படித்தார்.

அப்புறம் ஒரு நாள் மகள் போன் செய்தாள், ஊருக்கு வருகிறேன் என்று. அவளுக்கு மூச்சிரைப்பு, தூசி ஆகாது. அம்மா வாளியும் பழைய பனியன் துணியுமாக மாடி அறைக்குப் போனார். சுவிட்சை அணைத்தார். இரும்பு ஸ்டூலில் ஏறினார். மின்விசிறியின் இறக்கையைத் துடைத்தார். கொஞ்ச நேரம் கழித்துத் தொம்மென்று ஒரு சத்தம்... அவ்வளவுதான். சார் மாடிக்குப் போனபோது மண்டை தரையில் பிளந்து கிடந்தது. வாளித் தண்ணீரும் மற்றதும் கலந்து கட்டிலுக்கடியில் ஓடியிருந்தது.

மற்றவர்களாக இருந்தால் அழுவார்கள். ஹெல்மெட் சார் சம்பவ அறிக்கை எழுதினார். பதினொரு பக்கம். பிரதி எடுத்து உறவினர் எல்லோருக்கும் அனுப்பினார். அதில் மனைவியைப் 'பணியாளர்' என்று குறிப்பிட்டிருந்தார். முடிக்கப்பட்ட பணி: மூன்று இறக்கைகளில் ஒன்று, அதாவது முப்பத்து மூன்று புள்ளி மூன்று மூன்று சதவீதம். முதற்காரணம்: பணியாளர் ஸ்டூலில் சமநிலை தவறியது. துணைக்காரணம்: மகளின் வருகை பற்றிய தொலைபேசி அழைப்பினால் ஏற்பட்ட அவசரம்.

"சே!" என்றார் மூன்றாம் மாடி அக்கா. "பெத்த பொண்ணு மேல எழுதி வெச்சானா?"

எழுதி வைத்தார். கையெழுத்தும் போட்டார். அந்தப் பெண் அதை நூறு முறையாவது படித்திருப்பாள். நான் வராமல் இருந்திருந்தால் அம்மா ஏறியிருக்கமாட்டாள் என்பதுதான் அன்றிலிருந்து அவளுக்கு மூச்சு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதையில் பயப்பட வேண்டிய இடம் அதுதான். பேய் எல்லாம் சும்மா.

ஏழு மாதம் அறை பூட்டிக் கிடந்தது. அப்புறம் சாருக்கு ஒரு ஞானோதயம். அந்த அறையை மனைவியின் நினைவாகப் பாதுகாப்பு விழிப்புணர்வு நூலகமாக்குவது. தச்சரை வரவழைத்துத் தன்னுடைய நாற்பத்து மூன்று சான்றிதழ்களைச் சுவர் முழுக்க மாட்டினார். மனைவியின் படத்துக்கு ஜன்னலோரம் கொஞ்சம் இடம் மிஞ்சியது. விளக்கைப் போட்டுப் பார்த்தார். கூடவே மின்விசிறியும் ஓடியது. சான்றிதழ்கள் படபடவென்று அடித்துக்கொண்டு, இரண்டு பிய்த்துக்கொண்டு விழுந்தன. அன்றைக்கே டெஸ்டருக்குப் போன் பறந்தது: விளக்குக்கும் மின்விசிறிக்கும் தனித்தனி சுவிட்ச் வைக்க வேண்டும், உடனே.

மனைவி ஐந்தரை வருடமாகக் கேட்டும் கிடைக்காதது சான்றிதழ்களுக்கு ஒரே நாளில் கிடைத்தது. மாலை ஆறு மணிக்குத் திறப்பு விழா. ரிப்பன், கத்தரிக்கோல், தலைமையுரை எல்லாம் தயார். எல்லாவற்றிலும் அவரேதான்.

டெஸ்டரின் தலையிலும் ஒரு ஹெல்மெட்டை மாட்டி மாடிக்கு அழைத்துப்போனார். கதவைத் திறந்ததும் ஒரு நாற்றம்... அலசாமல் பிழிந்துபோட்ட துணி புளித்துப்போனால் வருமே, அது. அதற்கு அடியில் இன்னொன்று. அடுப்பில் தலைமுடி விழுந்து கருகினால் வருமே... அது.

"ஏதாவது எலி செத்திருக்கா சார்?"

"இந்த வீட்ல என் அனுமதி இல்லாம எதுவும் சாகாது" என்று சொல்லிவிட்டு, சார் கீழே உரையை ஒத்திகை பார்க்கப் போய்விட்டார்.

டெஸ்டர் அந்த இரும்பு ஸ்டூலை இழுத்துப் போட்டான். வேறு ஏணி இல்லை. ஏறி நிமிர்ந்து பார்த்தான். மின்விசிறியின் ஓர் இறக்கை சுத்தம். அறிக்கையில் இருந்தபடிதான். மூன்றாவது இறக்கையில் விரல் மொத்தத்துக்குத் தூசி. பழைய கம்பளி மாதிரி தொங்கியது. ஆனால் இரண்டாவது இறக்கை...

இரண்டாவது சுத்தமாக இருந்தது. ஈரமாகவும் இருந்தது.

மாடியிலிருந்து குரல் கொடுத்தான். "சார், ஃபேனை யாராச்சும் தொடச்சீங்களா?"

கீழேயிருந்து பதில். "யாரும் தொடக் கூடாதுன்னு உத்தரவு. அது ஆதாரம்!"

டெஸ்டர் மறுபடி நிமிர்ந்தபோது, இறக்கையின் நுனியில் தொங்கிக்கொண்டிருந்த சொட்டு அவன் கீழுதட்டில் விழுந்தது. பழக்கதோஷம்... நாக்கு தானாக நீண்டு நக்கிவிட்டது. சோப்பு, தூசி, உப்பு. கொழகொழவென்று சூடாக இருந்ததாம். துப்பினான். துப்பத் துப்ப எச்சில் கறுப்பாகவே வந்தது.

எங்கள் மாடியில் இரண்டு பேர் பாயோரமாகத் திரும்பித் துப்பினார்கள். மூட்டைப்பூச்சியை எல்லோரும் மறந்திருந்தார்கள். எதிர்வீட்டுக்காரர் சொன்னது சரிதான்.

எந்த வேலையைத் தொடுவதற்கு முன்னாலும் டெஸ்டர் வைத்துப் பார்ப்பது அவன் வழக்கம். மின்விசிறிக்குக் கீழேயே பல்ப் மாட்டும் ஹோல்டர். பல்ப் அதில் இல்லை. சாவு நடந்த அன்றைக்கு அம்மா கழற்றிக் கட்டில்மேல் வைத்தது அங்கேயே இருந்தது. அதற்குப் பதிலாகச் சார் மேசை விளக்கு ஒன்றை நீள வயரில் அதே சுவிட்சில் கோத்துச் சமாளித்திருந்தார். சுவிட்ச் அணைத்திருக்கிறதா என்று டெஸ்டர் பார்த்துக்கொண்டான். அணைத்துத்தான் இருந்தது. முனையை ஹோல்டருக்குள் வைத்தான்.

எரிந்தது.

இன்னொரு முனையில் வைத்தான். அதுவும் எரிந்தது.

கரண்ட் ஒரு வயரில் வரும், இன்னொரு வயரில் திரும்பிப் போகும். சுவிட்சை வருகிற வயரில் வைக்க வேண்டும். திரும்பிப் போகிற வயரில் வைத்தாலும் விளக்கு அணையும், விசிறி நிற்கும், பார்க்கிறவனுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் வந்த கரண்ட் மேலேயே நின்றுகொண்டிருக்கும், போக வழி பார்த்துக்கொண்டு. ஈரத்துணியோடு யாராவது கையை வைத்தால் அவர்கள் வழியாகப் போகும்.

டெஸ்டர் ஸ்டூலை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டான். அவனுக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. ஆறு வருடத்துக்கு முன்னால், கடைசி அறைக்கு வந்தபோது சிவப்பு வயர் தீர்ந்துபோயிருந்தது. வருகிற கரண்டுக்குச் சிவப்பு, திரும்புவதற்குக் கறுப்பு என்பது வழக்கம். கடைக்குப் போக ஒரு மணி நேரமாகும். கையில் மிச்சமிருந்த சின்னச் சிவப்புத் துண்டைத் திரும்புவதற்கு வைத்து, கறுப்பில் கரண்ட்டைக் கொடுத்தான். இந்த ஒரு அறையில்தானே மாற்றி இருக்கிறது, ஞாபகம் வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தான். மதியம் சாப்பிட்டுவிட்டு வந்தான். சுவிட்ச் பெட்டியில் கை பழக்கப்படி சிவப்பை வெட்டி சுவிட்சைக் கோத்தது.

அந்த அம்மா சுவிட்சை அணைத்திருக்கிறார். முறையாகத்தான் செய்திருக்கிறார். பல்பைக் கழற்றிப் பத்திரமாகக் கட்டிலில் வைத்திருக்கிறார். ஹோல்டர் அழுக்காக இருந்ததே என்று ஈரத்துணியை உள்ளே விட்டுத் திருகியிருக்கிறார்... சமநிலையாவது, அவசரமாவது. அவர் விழவில்லை. அவரைத் தூக்கி அடித்திருக்கிறது. அறிக்கையின் எட்டாம் பக்கத்தில் ஒரு வரி இருந்ததாம்: 'பணியாளரின் விரல் நுனிகளில் கறுப்பாக அழுக்கு ஒட்டியிருந்தது, நானே ஈரத்துணியால் துடைத்தேன், போகவில்லை.'

முப்பத்தைந்து வருடப் பாதுகாப்பு அதிகாரி. கருகின தோலை அழுக்கு என்று தேய்த்திருக்கிறார்.

அங்கேயே டெஸ்டர் கத்தியிருக்கலாம். கீழே போய் எல்லோரையும் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். அவன் என்ன செய்தான் தெரியுமா? கீழே போய் மெயின் ஃப்யூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மேலே வந்தான், தப்பைத் திருத்தி மூடிவிட. சாட்சி இருந்த ஒரே இடம் அந்தச் சுவிட்ச் பெட்டிதான்.

தனித்தனி சுவிட்ச் என்றால் புதிதாக மூன்றாவது வயர் ஒன்று மேலே போக வேண்டும். சுவரில் புதைத்த பைப்புக்குள் ஸ்பிரிங் கம்பியை விட்டான். பாதி தூரம் போய் எதிலோ மாட்டியது. மெத்தென்று... கல் இல்லை, சிமெண்ட் இல்லை. முறுக்கி இழுத்தான். ச்சளக் என்று பிடி விட்டுக் கம்பி திரும்பி வந்தது.

கம்பியைச் சுற்றித் தலைமுடி.

ஒன்றிரண்டு இழை இல்லை. கொத்து. பாதி நரைத்தது. ஒரு சுற்று எடுத்தால் இன்னொரு சுற்று வந்தது. ஈரமாக, எண்ணெய்ப் பிசுக்கோடு, அவன் விரலிடுக்கில் நுழைந்து நுழைந்து ஒட்டியது. இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. நாலு பக்கமும் பூசி மெழுகின சுவர். பைப்பின் ஒரு வாய் சுவிட்ச் பெட்டியில், இன்னொரு வாய் கூரையில். எந்த வழியாகப் போனது என்று என்னிடம் கேட்காதீர்கள். முடியின் நுனி கருகிச் சுருண்டு குட்டிக் குட்டி முடிச்சாக இருந்தது. கடைசியில் வேரோடு ஒரு துணுக்குத் தோல்.

வாளி தேடினான். கிடைக்கவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றி அதிலேயே வாந்தி எடுத்தான். ஹெல்மெட்டால் மனித குலத்துக்கு விளைந்த நன்மைகளில் அதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

அப்போதுதான் சத்தம்.

கிறீச்... கிறீச்... ஈரத்துணி தகரத்தில் தேய்கிற சத்தம். மேலேயிருந்து.

ஃப்யூஸ் அவன் பையில் இருக்கிறது. ஜன்னல் மூடியிருக்கிறது. மின்விசிறி மெல்லத் திரும்பியது... ஓர் இறக்கை தூரம். நின்றது. துடைக்கிறவர்கள் முடிந்த இறக்கையைத் தள்ளிவிட்டு அடுத்ததைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொள்வார்களே, அந்த அளவு. இப்போது அவனுக்கு நேராக மூன்றாவது இறக்கை. அதன் தூசியில் நடுவிலிருந்து நுனி வரைக்கும் ஒரு கோடு விழுந்தது. நாலு விரல் அகலம். கிறீச். பக்கத்தில் இன்னொன்று. கிறீச். தூசி கறுப்புக் கூழாக உருண்டு ஓரத்தில் சேர்ந்தது. சொட்டியது.

டெஸ்டர் ஓடவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் வியப்பு. அந்தச் சத்தத்துக்குக் கீழேயே, தலையில் தோளில் கூழ் சொட்டச் சொட்ட, முதுகைக் காட்டிக்கொண்டு நின்று வயரை மாற்றினான். சிவப்பைக் கறுப்பாக்கினான், கறுப்பைச் சிவப்பாக்கினான், புது வயரை ஏற்றினான், இரண்டு சுவிட்சை வைத்து மூடித் திருகினான். பழைய துண்டுகளையும் முடியையும் பையில் திணித்தான். பேய்க்குப் பயப்படாதவன் என்று நினைத்துவிடாதீர்கள். பேயைவிடப் போலீஸுக்குப் பயந்தவன்.

கதவைச் சாத்திவிட்டு இறங்கினான். படியின் நடுவில் மகள் நின்றுகொண்டிருந்தாள். ஒரு கையில் தேநீர். இன்னொரு கை மாடிப்படிக் கம்பியை இறுகப் பிடித்திருந்தது. சாவுக்குப் பிறகு அவள் அதற்குமேல் ஏறியதே இல்லை.

"முடிஞ்சுதாண்ணா?"

"முடிஞ்சுதும்மா."

"அப்புறம் மேல என்ன சத்தம்? யாரோ தொடைக்கிறாப்ல..."

அவளுக்கும் கேட்டிருக்கிறது. கிறீச்... கிறீச்...

"அது... காத்துல ஏதோ உரசுதும்மா."

அவள் தேநீரைக் கொடுக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணா, ஒண்ணு கேக்கணும். அந்த ஸ்டூல் ஆடுதா?"

"இல்லம்மா. நல்லா நிக்குது."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். அம்மா அதுல ஏறித்தான் பரண்ல இருந்து எல்லாம் எடுப்பாங்க. ஒரு நாள்கூட விழுந்ததில்ல. அப்பா என்னமோ நான் போன் பண்ணதாலன்னு..." மூச்சு அடைத்தது, நிறுத்தி, இழுத்து, மறுபடி கேட்டாள். "அண்ணா, கரண்ட் கிரண்ட் ஏதாவது அடிச்சிருக்குமா? உங்களுக்குத் தெரியுமில்ல. தெரிஞ்சா சொல்லுங்க. நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன். எனக்குத் தெரிஞ்சா போதும்."

மேலே துணி தேய்ந்துகொண்டே இருந்தது. கிறீச்... கிறீச்...

டெஸ்டர் சொன்னான். "சுவிட்ச் ஆஃப்ல இருந்தா கரண்ட் எப்படிம்மா வரும்?"

மேலே சத்தம் நின்றது.

முடிந்ததனால் நிற்கிற மாதிரி இல்லை. துடைக்கிறவர்கள் பாதியில் கையை நிறுத்திவிட்டு, கீழே யார் என்ன சொல்கிறார்கள் என்று காது கொடுப்பார்களே... அப்படி நின்றது. மகள் தலையை நிமிர்த்தி மாடியைப் பார்த்தாள். "ஆமால்ல" என்றாள். "ஆஃப் பண்ணாத்தான் வராதுல்ல." தேநீரைக் கொடுத்துவிட்டு இறங்கிப் போனாள். டெஸ்டர் ஒரு வாய் குடித்தான். ஈரத்துணி பிழிந்த தண்ணீர் மாதிரி இருந்தது.

ஃப்யூஸைத் திரும்ப மாட்டினான். ஆறு மணிக்கு விழா. உறவினர்கள், பழைய தொழிற்சாலை நண்பர்கள் என்று இருபது பேர் அறைக்குள் நாற்காலியில். மகளையும் கையைப் பிடித்து இழுத்துவந்து முதல் வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். ஹெல்மெட் சார் வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, வெள்ளை ஹெல்மெட். முதல் சுவிட்சைத் தட்டினார், விளக்கு எரிந்தது, கைதட்டினார்கள். "வெளிச்சம் வேறு, காற்று வேறு என்ற உயரிய தத்துவத்தை இந்த உலகுக்கு..." என்று வாயைத் திறந்துகொண்டே இரண்டாவது சுவிட்சைத் தட்டினார்.

மின்விசிறி சுற்றியது.

மூன்றாவது இறக்கையில் சேர்ந்திருந்த அத்தனை கூழும் வீசி அடித்தது. சளப் சளப்பென்று... சுவரைச் சுற்றி வட்டமாக. நாற்பத்து மூன்று சான்றிதழிலும் கறுப்புச் சளி வழிந்தது. நண்பர்கள் கண்ணிலும் மூக்கிலும் விழுந்தது. சார் தத்துவத்தில் 'உலகுக்கு' என்று நிறுத்தியிருந்தாரல்லவா, அந்தத் திறந்த வாயில் ஒரு கட்டி போய் உட்கார்ந்தது. அவர் அதை விழுங்கிவிட்டார். விழுங்கிய பிறகு வாயிலிருந்து நீளமாக எதையோ இழுத்தார். இழுத்தார். இழுத்துக்கொண்டே இருந்தார். பாதி நரைத்த முடி.

ஆளுக்கொரு மூலையில் வாந்தி. ஒருவர்மேல் ஒருவர் விழுந்து ஓடினார்கள். தீப்பிடித்தால் ஓட வேண்டிய வழி எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அந்த மட்டில் சாருடைய பயிற்சி வீண்போகவில்லை.

மகள் மட்டும் எழுந்திருக்கவில்லை. அவள் புடவையில் ஒரு பொட்டுகூட இல்லை. அவள் நாற்காலியைச் சுற்றி ஒரு முழ தூரத்துக்குத் தரை சுத்தமாக இருந்தது, அப்போதுதான் துடைத்த ஈரத்தோடு. அவள் மேலே பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். மூச்சு சீராக வந்ததாம். அன்றைக்கு மட்டும்.

கதவோரம் நின்ற டெஸ்டர் இதையெல்லாம் பார்த்தான். வாயைத் திறக்கவில்லை. பையில் அந்த முடி இருந்தது. அதைச் சாக்கடையில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனான். இரண்டு மாதம் கழித்து என் வீட்டில் டியூப்லைட் மாற்ற வந்தபோது, எதைச் சாப்பிட்டாலும் துணி வாசனை அடிக்கிறது என்று சொல்லி அழுதான். எல்லாவற்றையும் கொட்டினான். "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க அண்ணே" என்றான்.

கதையை முடித்தேன். மாடியில் யாரும் சொறியவில்லை.

செயலாளர்தான் தொண்டையைக் கனைத்தார். "இதுக்கெல்லாம் விஞ்ஞான விளக்கம் இருக்கு. காத்துல ஈரப்பதம் அதிகமானா தூசி குழம்பும். முடி எலி இழுத்துட்டுப் போயிருக்கும்."

"அத விடுங்க சார்" என்றார் மூன்றாம் மாடி அக்கா. என் பக்கம் திரும்பினார். "அந்தப் பொண்ணுக்கு இது தெரியுமா?"

"தெரியாது."

"இன்னிக்கு வரைக்குமா?"

"ஆமாங்க்கா. நம்ம தபால் ஆபீஸ்ல ரெண்டாவது கவுன்டர்ல இருக்கால்ல, அவதான்."

"ஐயையோ... கையெல்லாம் தோல் உரிஞ்சிருக்குமே, அந்தப் பொண்ணா? எந்நேரமும் மருந்துத் தண்ணி போட்டுக் கவுன்டரத் தொடச்சுக்கிட்டே இருக்குமே?"

"அவளேதான்."

அக்கா எழுந்து உட்கார்ந்தார்.

"இந்தக் கதைய இதுவரைக்கும் எத்தன பேருக்குச் சொல்லியிருப்பீங்க?"

"பத்துப் பன்னண்டு இடத்துல சொல்லியிருக்கேன். எல்லா இடத்துலயும் நல்ல வரவேற்பு."

"அவகிட்ட?"

போன செவ்வாய்க்கிழமைகூட ஒரு பதிவுத் தபால் அனுப்பப் போனேன். ரசீதை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.